கூகையம்மாவுக்கு ஒரு சண்டைக்காரன்

பல் செட்டு செய்யும் பட்டறையில் எல்லோரும் அவளைப் பல்லழகி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய முன்பற்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு வரிசையாகப் பல் செய்து கொடுக்கிறவள் தன் பல்லைச் சரிபண்ணிக்கொள்ளக் கூடாதா என்று யாராவது கேட்டால், "இது கம்பெனி மாடல் இல்ல, ஒரிஜினல்" என்பாள். கேட்டவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

பட்டறை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த நீளமான அறை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, அரைத்து, மெருகு ஏற்ற வேண்டும். பிளாஸ்டர் தூள் அவள் புருவத்திலும் செருப்பிலும் எப்போதும் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணி முதலில் பார்ப்பது அவள் காலைத்தான்.

வீடு அப்பா கட்டியது. கீழே அண்ணனும் அண்ணியும். மாடியில் முன்னறையில் அவள், பின்னறையில் தம்பி. அண்ணன் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்தார். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தங்கை கல்யாணமே வேண்டாம் என்றபோது கொஞ்ச நாள் முறைத்துவிட்டு விட்டுவிட்டவர். ஆனால் தம்பி விஷயத்தில் அவருக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது.

தம்பியைச் சின்னவன் என்பார்கள். வயது முப்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தான். ஒருநாள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், வெளியே வரமாட்டேன் என்றான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது அந்தக் குரல்கள் அடங்கியிருந்தன. கூடவே அவனும் அடங்கியிருந்தான். வேலை போய்விட்டது. அண்ணன் தெருக்கதவுச் சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார். மாத்திரையும் அவர் கையால்தான். "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பார். சின்னவன் எது சொன்னாலும் வீட்டில் எல்லோரும் "சரிப்பா, சரி" என்றார்கள். மழை வரும் என்றாலும் சரி, வராது என்றாலும் சரி.

அவனுக்கு இருந்த ஒரே போக்கிடம் மொட்டைமாடி. பக்கத்துக் கட்டடத்தின் பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கூகை ஆந்தை குடியிருந்தது. வெள்ளை முகம், பழுப்பு முதுகு, சத்தமே இல்லாத இறக்கை. அதற்கு இவர்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரும் பிடித்திருந்தது போல. காலையில் சுவருக்கு அடியில் கறுப்பாக, பளபளப்பாக, கட்டைவிரல் பருமனுக்கு உருண்டைகள் கிடக்கும். சின்னவன் அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தான்.

டப்பாவை முதலில் திறந்தவள் அண்ணி. பிஸ்கட் என்று நினைத்துத்தான் திறந்தாள். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். ஓர் உருண்டை உடைந்து ரோமத்துக்கு நடுவே ஒரு சின்ன மண்டையோடு தெரிந்தது.

"எலும்பு பொறுக்கி வச்சிருக்கான்! இன்னும் என்னென்ன வச்சிருக்கானோ!" என்றாள் அண்ணி.

"அது படுக்கை அண்ணி" என்றான் சின்னவன் மெதுவாக. "குஞ்சுக்கு மெத்தை செய்யுது. முடியை உருட்டி, உள்ள எலும்பு வச்சு."

"சரிப்பா, சரி" என்றார் அண்ணன். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார். "முத்திப்போச்சு. டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடு. மாடிக்கதவையும் இனிமே பூட்டிடணும்."

பல்லழகி டப்பாவை வாங்கி மூடியை அழுத்தி மூடினாள். தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

"குப்பைத்தொட்டி அந்தப் பக்கம்" என்றார் அண்ணன்.

"தெரியும். இதைப் போடணும்னா என்னையும் சேர்த்துத்தான் போடணும். என் வெயிட்டுக்கு உன்னால ஆகாது."

மறுநாள் பட்டறையில் இடைவேளையில் அவள் ஓர் உருண்டையை லென்ஸ் விளக்குக்குக் கீழே வைத்து மெழுகுக் கத்தியால் பிரித்தாள். பஞ்சு போல ரோமம் விலக, ஒரு கீழ்த்தாடை வந்தது. நகத்தின் மேல் வைத்தால் நகமே பெரிதாகத் தெரியும். அதில் கடைவாய்ப் பற்கள் வரிசை பிசகாமல் நின்றன. முன்னால் ஒரே ஒரு பல், வளைந்து, மஞ்சள் பாய்ந்து. இத்தனை வருஷம் பல்லோடு மாரடித்தவளுக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அச்சு கொடுக்க வந்த பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "எலிக்குமா செட்டு செய்றீங்க?"

"ஆர்டர் வந்தா செய்வோம் டாக்டர். இது என் தம்பி மொட்டைமாடியில கண்டெடுத்தது. கூகை போட்டதாம்."

"அப்ப நீங்க கூகையம்மாவைத்தான் கேட்கணும். போன மாசம் மேல்வரிசை ஃபுல் செட்டு ஒண்ணு அவசரம்னு வாங்கிட்டுப் போனேனே, அது அவங்களுக்குத்தான். பழைய தானியக் கிடங்கு இருக்குல்ல, அதுக்கு மேல குடியிருக்காங்க. கூகையைப் பத்தியே ஆராய்ச்சி. ஆனா ஆள் கொஞ்சம் முரடு. யாரையும் கிட்ட சேர்க்க மாட்டாங்க."

அன்று மாலையே பல்லழகி டாக்டரிடம் எண் வாங்கிக் கூகையம்மாவுக்குப் போன் செய்தாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். மறுமுனையில் கரகரவென்று ஒரு குரல்.

"முடியாது. நான் மிருகக்காட்சிசாலை நடத்தல. வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்குக் காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நாங்க வேடிக்கை பார்க்க வரலைம்மா. வேலை செய்ய வர்றோம்."

"என்ன வேலை தெரியும்?"

"எனக்குப் பல்லு வேலை தெரியும். எவ்வளவு சின்னப் பல்லா இருந்தாலும் உடையாம கழுவி, மெழுகுல பதிச்சு, வரிசையா நிக்க வைப்பேன். என் தம்பிக்கு ஒரு இடத்துல உட்கார்ந்து பார்க்கத் தெரியும். அவனுக்கு உடம்பு முடியாம இருந்துச்சு. மனசுதான். இப்ப பரவாயில்ல. மறைச்சுக் கூட்டிட்டு வர எனக்கு இஷ்டம் இல்ல."

"என் பதில் முடியாதுதான்."

"அம்மா, இப்ப 'முடியாது'ன்னு இவ்வளவு கணீர்னு சொன்னீங்களே, அந்தப் பல்லு நான் செஞ்சது."

மறுமுனையில் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஓர் ஓசை. "இடது பக்கம் குத்துது" என்றாள் கூகையம்மா.

"வரும்போது ராவிக் கொடுத்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

அதற்கு முன்னால் அவள் இன்னொரு காரியம் செய்தாள். அரை நாள் லீவு போட்டு, சின்னவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரைப் போய்ப் பார்த்தாள். வெளியே கூட்டிப்போனால் ஆபத்தா என்று கேட்டாள்.

"கூட்டிட்டுப் போகாம இருக்கிறதுதான் ஆபத்து. பூட்டி வைக்கச் சொன்னது யாரு?" என்றார் டாக்டர். பிறகு மாத்திரையைப் பற்றி விசாரித்தார். காலையில் ஒன்று, மத்தியானம் அரை, ராத்திரி ஒன்று என்று அவள் சொன்னதும் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "மத்தியானம் அரையா? நான் எழுதவே இல்லையே. அதான் ஆள் பொம்மை மாதிரி இருந்தாரா?" அந்த அரை மாத்திரையை எப்படிக் குறைத்து நிறுத்துவது, மற்றதை ஒருநாளும் விடக் கூடாது என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் நின்றபடி அவள் யோசித்தாள். சின்னவன் கொஞ்சம் கலகலப்பாகப் பேசிய நாட்களிலெல்லாம் அண்ணன் மத்தியான மாத்திரையைக் கொடுக்கக் கடையிலிருந்து சீக்கிரமே வந்தது ஞாபகத்துக்கு வந்தது. அன்று அண்ணனிடம் அவள் கத்தவில்லை. நேராகப் போய் அவர் மேசையில் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்தாள்.

"இனிமே இது என் பொறுப்பு."

"மருந்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் கடை வச்சிருக்கேன்."

"கடைதான் வச்சிருக்க. டாக்டர் எழுதாத அரை மாத்திரையை நீ எழுதியிருக்க."

அண்ணனின் முகம் வெளுத்தது. "அவன் நல்லதுக்குத்தான். மறுபடியும் அப்படி ஆயிட்டா? மேசைக்கு அடியில இருந்து அவனை இழுத்துட்டு வந்தது நான். நீ இல்ல. என் கையைக் கடிச்சான் தெரியுமா? என் தம்பி என் கையைக் கடிச்சான்."

அது உண்மைதான். தழும்பு இன்னும் இருந்தது. பல்லழகிக்கு ஒரு நிமிஷம் அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை சின்னவன் சட்டை மாற்றி, தலை வாரி, கீழே இறங்கி வந்தான். அண்ணன் தெருக்கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி அவர் இடுப்பில்.

"எங்கேயும் போக வேண்டாம். ஊரே பார்த்துச் சிரிக்கும். அவன் தெருவுல ஏதாவது பண்ணிவச்சா, நாளைக்கு என் கடையில எவன் வந்து மருந்து வாங்குவான்?"

"சிரிக்கிறவங்களுக்குப் பல்லு சரியில்லைன்னா என்கிட்ட அனுப்பு. எழுந்திரு அண்ணே" என்றாள் பல்லழகி.

"மாட்டேன்."

"அப்ப நான் இந்தக் கூத்தை ஜன்னல் வழியா எதிர்வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன். சத்தமா. நீ பயப்படுற ஊரு அங்கதான் நிக்குது."

அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வீட்டில் அதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"அண்ணே, வழி விடு."

சின்னவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. அண்ணன் அவனையே பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற அண்ணிதான் முதலில் பேசினாள். "விடுங்களேன். சாயங்காலம் வந்துடுவாங்க."

அண்ணன் எழுந்து சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாற்காலியைத் தள்ளவில்லை. பல்லழகியே தள்ளினாள்.

தானியக் கிடங்கு ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற தகரக்கூரைக் கட்டடங்களில் ஒன்று. மேலே போக இரும்புப் படி. பஸ்ஸில் இரைச்சலைத் தாங்கிக்கொண்டு வந்த சின்னவன் படியின் பாதியில் உட்கார்ந்துவிட்டான். வேர்த்துக் கொட்டியது. "திரும்பிப் போயிடலாம்க்கா" என்றான்.

மேலே கதவு திறந்தது. குட்டை முடி, ஆண்கள் போடும் சட்டை, கையில் ஒரு வடிகட்டி. அறுபதைக் கடந்த கூகையம்மா அவர்களை மேலிருந்து பார்த்தாள்.

"உள்ள வந்து வேர்க்கட்டும். ஃபேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

யாரும் தாங்கவில்லை, யாரும் தட்டிக் கொடுக்கவில்லை. சின்னவன் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எழுந்து ஏறினான்.

அறை முழுவதும் தட்டுகள், கண்ணாடிப் புட்டிகள், ஈரத்துணி வாசனை. பிஸ்கட் டப்பாவை வாங்கிய கூகையம்மா ஒவ்வோர் உருண்டையாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது குஞ்சுக்குச் செய்ற மெத்தை" என்றான் சின்னவன்.

"தப்பு" என்றாள் கூகையம்மா.

எத்தனையோ நாளாக அவனிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"தப்பா?" சின்னவன் நிமிர்ந்தான்.

"தப்புதான். கூகை எலியை அப்படியே முழுங்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருட்டிக் கக்கும். இது கக்கினது."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்திருக்கேன். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ரொம்பக் கஷ்டப்பட்டுக் கக்கும்."

"நான் பார்க்கல."

"நீ பார்க்காததெல்லாம் நடக்காதா?"

"நடக்கும். ஆனா நான் பார்க்காம எப்படி நம்புறது? தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தேன். குஞ்சு இது மேலதான் படுத்திருந்துச்சு. அதை நான் பார்த்தேன்."

"படுக்கும். கக்கினது நசுங்கி மெத்தையா ஆகிறது உண்டு. ஆனா மெத்தைக்காகக் கக்கல. நீ நின்னா நிழல் விழுது, நிழலுக்காகவா நிக்கிற?"

சின்னவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். "அதை நீங்க கூகைகிட்ட கேட்டீங்களா?"

கூகையம்மா நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். மேல்வரிசைப் பற்கள் முழுவதும் தெரிந்தன. பல்லழகியின் கண் தன்னையறியாமல் இடது பக்க விளிம்பைத்தான் பார்த்தது. அதற்கப்புறம்தான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் காது மடல் சிவந்திருந்தது. சண்டை போடுகிறவனின் முகம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பல் ராவும் அரம் தேடுகிற சாக்கில் பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

கூகையம்மாவின் வேலை என்ன என்பது பிறகு தெரிந்தது. கிடங்குக்காரர்கள் கூரைக்குக் கீழே கூகை நுழையும் ஓட்டைகளை அடைக்கப் போகிறார்கள். அது அசிங்கம் பண்ணுகிறதாம், பார்க்கவே சகுனம் சரியில்லையாம். கிடங்குத் தானியத்தைத் தின்னும் எலியைத்தான் அது தின்கிறது என்று எடுத்துக்காட்ட வேண்டும். மூட்டை மூட்டையாக உருண்டைகள் சேர்ந்து கிடந்தன. பிரித்துப் பார்க்க ஆள் இல்லை.

"ஆள் நாங்க இருக்கோம்" என்றாள் பல்லழகி.

"சும்மா வேலை செய்றேன்னு வர்றவங்க ரெண்டாவது வாரம் காணாம போயிடுவாங்க."

"உங்க பல்லு குத்துச்சுன்னா எங்களைத் தேடி நீங்க வரணும். நாங்க காணாம போக மாட்டோம்."

சின்னவன் இடுக்கியை எடுத்துப் பார்த்தான். கை நடுக்கத்தில் அது தட்டில் டக டகவென்று அடித்தது. கூகையம்மா அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். "நடுங்குற கைக்கு இடுக்கி வேண்டாம். தண்ணியில ஊறப்போடு, அலசு, வடிகட்டு. நடுங்கினா இன்னும் நல்லா அலசும்." அவன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் போனார்கள். பிறகு அவன் வாரத்தின் நடுவிலும் போக ஆரம்பித்தான். சின்னவன் அலசி எடுத்த எலும்பைப் பல்லழகி பிரித்து, தாடைகளை இளஞ்சிவப்பு மெழுகுப் பலகையில் வரிசையாக நட்டாள். எலி ஒரு பலகை, சுண்டெலி ஒரு பலகை, மூஞ்சுறு ஒரு பலகை. சின்னவன் கூகையம்மாவோடு எல்லாவற்றுக்கும் வாக்குவாதம் செய்தான். பெரும்பாலும் தோற்றான். தோற்ற நாட்களில்தான் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டான்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. எண்ணைத் தேடிப் பிடித்துக் கூகையம்மாவுக்கே போன் போட்டார். என் தம்பி சுகமில்லாதவன், ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு, அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

"அவர் என்கிட்ட வேலை பார்க்கிறவர். லீவு வேணும்னா அவர் கேட்கட்டும்" என்று கூகையம்மா வைத்துவிட்டாள்.

ஆனால் அண்ணன் பயந்தது நடக்காமலும் இல்லை. மழைக்காலத்தில் ஒருநாள் சின்னவன் மறுபடியும் சுவர்ப்பக்கம் காது வைக்க ஆரம்பித்தான். இரண்டு நாள் தூங்கவில்லை. பல்லழகியே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

வராந்தாவில் அண்ணன் அவளிடம் சொன்னார். "பார்த்தியா? நான் சொன்னேன்ல?"

"சொன்ன. காய்ச்சல் வந்தவனுக்கு மறுபடியும் காய்ச்சல் வரும். அதுக்காகக் காலைக் கட்டிப் போடுவியா? அவன் இங்க இருந்து வந்ததும் மறுபடியும் கிடங்குக்குத்தான் போவான். நான்தான் கூட்டிட்டுப் போவேன். இன்னொரு தடவை வந்தா இன்னொரு தடவையும் இங்க சேர்ப்பேன். அப்புறமும் கூட்டிட்டுப் போவேன். உனக்கு வாசல்ல உட்காரணும்னா உட்காரு. நான் நாற்காலியைத் தள்ளிட்டே இருப்பேன்."

அன்று சாயங்காலம் கூகையம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பழமோ பூவோ கொண்டு வரவில்லை. கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, "மூஞ்சுறு கணக்குல நீ சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தாள். மருந்து மயக்கத்தில் கிடந்த சின்னவன் கண்ணைத் திறக்காமலேயே, "இல்ல" என்றான்.

அவன் வீடு திரும்பிய கையோடு பல்லழகி கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி இரண்டு அறையுள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாள். அண்ணி பாத்திரம் கொடுத்து அனுப்பினாள். அண்ணன் கடையில் இருந்தார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒருநாள் மூன்று பேரும் மெழுகுப் பலகைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிடங்கு மேலாளரின் அறைக்குப் போனார்கள். மேசை முழுவதும் தாடைகள். மேலாளர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். கூகையம்மா எடுத்துச் சொன்னாள். அவர் பாதி கேட்டார். "இருந்தாலும் பாருங்க, அது மூஞ்சியே நல்லா இல்ல" என்றார்.

"உங்க தானியத்தை மூஞ்சியா தின்னுது?" என்றான் சின்னவன்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. மேலாளர் ரொம்ப நேரம் பலகைகளையே பார்த்தார். கடைசியில் ஓட்டைகளையெல்லாம் அடைக்கத்தான் செய்தார்கள், ஆற்றைப் பார்த்த ஒன்றைத் தவிர. கூகையம்மா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் அந்த ஓர் ஓட்டையில் ஒரு ஜோடி நுழைவதைச் சின்னவன் பார்த்து வந்து சொன்னான். ஜோடியா, ஒன்றேதான் இரண்டு தடவை வந்ததா என்று அவள் கேட்க, சண்டை மறுபடியும் தொடங்கியது.

அண்ணன் ஒரே ஒரு தடவை அந்த வாடகை வீட்டுக்கு வந்தார். கையில் அந்த மாதத்துக்கான மாத்திரைகள், டாக்டர் எழுதியபடியே. வாசலில் நின்றுகொண்டே கொடுத்தார். உள்ளே மேசையில் தம்பி குனிந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தான். கோடு நேராக வரவில்லை. அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"உள்ள வா அண்ணே" என்றாள் பல்லழகி.

"கடை திறந்து கிடக்கு" என்றார். ஆனாலும் அவர் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது என்ன படம்?" என்று கேட்டார்.

"எலியோட தாடை" என்றான் சின்னவன் தலை நிமிராமல்.

"பெருச்சாளி மாதிரி இருக்கு."

"தப்பு" என்றான் சின்னவன்.